சரோஜாம்மா தேடிய ஆடு

செய்தி வந்தபோது நான் புவாண்ட்-கிளேர் அலுவலகத்தில் விடுப்புப் படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்ததால் தொலைபேசியில் குரல் சரியாகக் கேட்கவில்லை. பேசியவர் சரோஜாம்மாவின் கணவர், டாக்டர் தனசேகரன். "சார், சரோஜா போயிட்டா" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "அவங்களுக்கு வியாழக்கிழமை வரைக்கும் லீவு இருக்கே, டாக்டர்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமா சார், இருக்கு" என்றார். சரோஜாம்மாவை நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் சேர்த்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. என் கையில் இருந்ததும் அவருடைய விடுப்புப் படிவம்தான்.

நம்மில் பலருக்குச் சரோஜாம்மாவை வேறு விதமாகத் தெரியும். பொங்கலன்று அஹுன்ட்சிக்கில் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நூறு பேருக்குச் சாம்பார் வைத்தவர். புதிதாக வந்திறங்கும் குடும்பங்களைக் கையோடு கூட்டிப்போய்க் குளிர்கோட்டு வாங்கிக் கொடுத்தவர். டாக்டர் வீட்டு அம்மா. இந்த நினைவு மலரில் அதையெல்லாம் எழுத உங்களில் பலர் இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது அலுவலகத்துச் சரோஜாம்மாவை. அவருக்கு நான் ஒரு தவறு செய்தேன். அதை மறைக்க ஒரு பொய்யும் சொன்னேன். அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஒரே காரில் போய்வந்தும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பழைய கார்ட்டூன் படத்தில் வரும் ஆட்டைப் பற்றிய விஷயம் அது. சிரிக்கத் தோன்றுபவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானும் முதலில் சிரித்தவன்தான்.

எங்கள் நிலையம் பள்ளிகளுக்கும் தேவாலயக் கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் படச்சுருள்களைக் கடன் கொடுக்கும் இடம். போன ரீல் திரும்பி வந்ததும் அதை முதலிலிருந்து கடைசிவரை ஒருவர் பார்த்தாக வேண்டும். பார்ப்பது என்றால் கண்ணால் அல்ல. மெல்லிய வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஓடும் ஃபிலிமின் இரண்டு ஓரங்களையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓரத்துத் துளை ஒன்று கிழிந்திருந்தாலும் விரலில் சுருக்கென்று படும். உடனே நிறுத்தி ஒட்ட வேண்டும். அந்தப் பிரிவுக்கு நான் தலைவன். எங்கள் ஊரில் நடந்த உலகக் கண்காட்சி முடிந்து சில வருடங்களில் வேலை கேட்டு வந்த சரோஜாம்மாவிடம், இதில் உங்களுக்கு என்ன அனுபவம் என்று கேட்டேன். "பட்டுப்புடவைல ஒரு இழை போயிருந்தா தடவிப் பாத்தே சொல்லிடுவேன் சார்" என்றார். கணிதத்தில் பட்டம் வாங்கியவர். அதை விண்ணப்பத்தின் கடைசி வரியில்தான் எழுதியிருந்தார். சோதனைக்காக ஒரு ரீலைக் கொடுத்தேன். எங்கள் ஆட்கள் இரண்டு கிழிசல் இருப்பதாகச் சொன்ன ரீல் அது. சரோஜாம்மா ஐந்து கண்டுபிடித்தார். "கண்ணு ஏமாத்தும் சார், விரல் ஏமாத்தாது" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

இரண்டு குடும்பமும் நோத்ர-டாம்-த-கிரேஸில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருந்ததால் காலையில் அவரை என் காரில் ஏற்றிக்கொள்வேன். முதல் நாளே பின் கதவைத் திறந்து பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். அவர் வளர்ந்த முறை அது, எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. எங்கள் அலுவலகத்துப் பிரெஞ்சுக்காரப் பெண்களுக்கு இது விளங்கவே இல்லை. பிரிவுத் தலைவன் கார் ஓட்டுகிறான், அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் அம்மாள் மகாராணி மாதிரிப் பின்னால் இருந்து இறங்குகிறார். நான் மாலையில் அவர் வீட்டு டிரைவராகவும் வேலை பார்க்கிறேன் என்று சில மாதம் நம்பிக்கொண்டிருந்தார்கள். சரோஜாம்மாவிடம் சொன்னேன். "சம்பளம் கேட்டுடாதீங்க சார்" என்றார்.

இனி ஆட்டுக்கு வருகிறேன். அதற்கு முன் நான் போட்ட ஒரு விதியைச் சொல்ல வேண்டும். ரீலின் முதலும் கடைசியும்தான் அதிகம் அடிபடும் இடங்கள். கடைசிப் பகுதி படம் காட்டும் இயந்திரத்தை விட்டு வெளியே வந்து படபடவென்று அடித்துக்கொள்ளும், பள்ளிக்கூட ஆசிரியர் ஓடிவந்து நிறுத்துவதற்குள் நொறுங்கிவிடும். அதை உட்கார்ந்து ஒவ்வொரு துளையாக ஒட்டினால் அரை நாள் போய்விடும். ஆகவே, கடைசியில் கிழிந்திருந்தால் நல்ல இடம் வரும்வரை வெட்டிவிட்டுப் படமில்லாத புதிய கறுப்பு ஃபிலிம் துண்டை வாலாக ஒட்டிவிடுங்கள் என்று எழுதிச் சுவரில் மாட்டியிருந்தேன். ஒரு தடவைக்குப் பத்து ஃபிரேம், இருபது ஃபிரேம் போகும். ஒரு விநாடிகூட இல்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் அஹுன்ட்சிக்கில் ஒரு பள்ளியிலிருந்து ஒரு ரீல் திரும்பி வந்தது. பேசும்படம் தொடங்கிய காலத்துக் கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன். தபால்காரக் கரடி ஒன்று கதாநாயகன். ரீலோடு வந்த அட்டையில் அந்தப் பள்ளியின் கன்னிகாஸ்திரி எழுதியிருந்தார்: 'படம் முடிந்த பிறகு இருட்டில் மணிச்சத்தம் கேட்கிறது. சிறு பிள்ளைகள் பயப்படுகிறார்கள். சரிசெய்யவும்.' நான் ஒலிக்கோளாறு என்று முடிவு கட்டினேன். கடைசியில் இருபத்தாறு ஃபிரேமை வெட்டுங்கள், சத்தம் போய்விடும் என்று சரோஜாம்மாவிடம் சொன்னேன்.

அவர் வெட்டவில்லை. விளக்கை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். கரடி கையசைத்துவிட்டுப் போகிறது. திரை ஓரங்களிலிருந்து கறுத்து, நடுவில் ஒரு வெளிச்ச வட்டம் மட்டும் மிஞ்சிச் சுருங்குகிறது. பிறகு முழு இருட்டு. அந்த இருட்டில் கிணிகிணி கிணிகிணி என்று ஒரு சின்ன மணி அவசர அவசரமாக நெருங்கி வந்து பாதியில் நின்றது. பிள்ளைகள் பயந்ததில் ஆச்சரியம் இல்லை.

"ஏதோ ஓடி வருது சார்" என்றார் சரோஜாம்மா.

அவர் சொன்னதும் எனக்கு உறைத்தது. பொறியாளனான எனக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். இந்த வகை ஃபிலிமில் ஒலி, படத்துக்கு இருபத்தாறு ஃபிரேம் முன்னாலேயே பதிவாகியிருக்கும். கருவியில் ஒலியைப் படிக்கும் இடம் வேறு, படத்தைக் காட்டும் இடம் வேறு என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். கடைசிப் படங்களை வெட்டினால் அவற்றின் ஒலி வெட்டுக்கு இந்தப் பக்கமே தங்கிவிடும். மணியை ஆட்டியது எதுவோ, அதை நாங்கள் வெட்டிவிட்டோம். சத்தம் மட்டும் மாட்டிக்கொண்டது. அதையும் வெட்டச் சொன்னவன் நான்.

பிறகு மூன்று வாரம் சரோஜாம்மா மதியச் சாப்பாட்டு நேரத்தை அந்தக் கரடிக்கே கொடுத்தார். எங்களிடம் கரடிப் படங்கள் பன்னிரண்டு இருந்தன. எலுமிச்சைச் சாதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கரடியோடு ஒரு நோஞ்சான் வெள்ளாடு இருந்தது. கழுத்தில் மணி. கரடியின் தபால் பையை வாயில் கவ்விக்கொண்டு பின்னாலேயே வரும். கரடி பாடும், ஆடும், ரயிலில் தொற்றிக்கொள்ளும், ஆட்டை மறந்துவிடும். எங்கள் பட்டியல் புத்தகத்தில் கரடிக்கு எல்லாப் படத்திலும் ஒரு வரி உண்டு. ஆட்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது, அதற்குப் பெயரும் கிடையாது. வரைந்தவர்களும் அதன்மேல் பெரிதாக மெனக்கெடவில்லை. கரடி கைகாலை ஆட்டும் நேரத்தில் ஆடு ஒரே கோட்டோவியமாக அசையாமல் நின்று கண்ணை மட்டும் சிமிட்டும்.

ஆட்டுக்கென்று வைத்திருந்தது படத்தின் கடைசி இரண்டு விநாடி மட்டும். கரடி போய், திரை கறுத்து, வட்டம் தட்டு அளவுக்குச் சுருங்கிய பிறகு ஆடு ஓடிவரும். நாங்கள் வெட்டியது சரியாக அந்த இடத்தை. ஒரு ரீலில் கொம்பு நுனி மட்டும் மிஞ்சியிருந்தது. ஒன்றில் பையின் மூலை. சிலவற்றில் வெறும் மணி. மீதியில் அதுவும் இல்லை. சரோஜாம்மா ஒரு தாளில் இதையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "அது எப்பவும் லேட்டுதான் சார். ஆனா ஒரு தடவைகூட வராம இருந்ததில்ல. நாமதான் வெட்டி வெச்சிருக்கோம். என் கையாலயே எத்தனை தடவை வெட்டியிருக்கேன்" என்றார். விதி என்னுடையது. அவர் 'நாம' என்றார். நான் அதைத் திருத்தவில்லை.

பன்னிரண்டில் ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. கரடி கலங்கரை விளக்கத்துக்குத் தபால் கொண்டுபோகும் படம். அதிகம் யாரும் கேட்டு வாங்காததால் வால் கெடாமல் இருந்தது. அதை அவர் எனக்குப் போட்டுக் காட்டினார். வட்டம் சுருங்குகிறது. மணி கேட்கிறது. பையைக் கவ்விய ஆடு இருட்டிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்து, வட்டத்தின் விளிம்பில் வயிறு மாட்டி, கால்களை உதைத்துக்கொண்டு உள்ளே விழுகிறது. வட்டம் மூடுகிறது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு 'முற்றும்' என்ற எழுத்துகூடக் கிடையாது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சரோஜாம்மா சிரிக்கவில்லை. "உள்ள வந்துருச்சு, பாத்தீங்களா" என்று மட்டும் சொன்னார். திரும்பப் போட்டார். அன்று மதியம் அந்த ஆடு நான்கு தடவை உள்ளே வந்தது.

அதைக் கடனுக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்றார். அதற்கு ஒரு மஞ்சள் சீட்டு உண்டு. அதில் நான் கையெழுத்துப் போட்டுப் பதிவுப் பிரிவுக்கு அனுப்பினால் ரீல் அலமாரியை விட்டு நகராது. அந்தச் சமயத்தில் அவருக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். ஆறு வாரம் விடுப்பு. போவதற்கு முந்தின நாள் சீட்டை எழுதி என் கையிலேயே கொடுத்தார். "நான் ஊசி போட்டுப் படுக்கறதுக்குள்ள கையெழுத்து போட்டுடுங்க சார். எனக்கு நிம்மதியா இருக்கும்." நான், "ஆகட்டும்மா, உடம்பைப் பாத்துக்குங்க" என்றேன்.

சீட்டில் காரணம் எழுதும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஆடு முழுதாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். புதிய இயக்குநர் வந்திருந்த நேரம். அவர் பிரெஞ்சில்தான் பேசுவார். என் பிரெஞ்சோ போன்ஷூர், மெர்சியோடு நின்றுவிட்டது. கூட்டங்களில் நான் அசடு வழிய உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். நிறுத்திவைத்த ரீல்களின் சீட்டுகளை மாதக் கடைசியில் இயக்குநர் பார்ப்பார். ஓர் ஆட்டுக்காக ரீலை நிறுத்தினாயா என்று கேட்டால் நான் எந்த மொழியில் என்ன சொல்வேன்? இரண்டு நாள் போகட்டும், வேறு காரணம் எழுதிக்கொள்ளலாம் என்று சீட்டை மேசையில் இருந்த காகிதத் தட்டில் மற்றக் காகிதங்களுக்கு அடியில் வைத்தேன். மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு ஆசைதான். முழுக்க மறக்கவில்லை. தட்டைப் பார்க்கும்போதெல்லாம் அது அங்கே இருப்பது தெரியும். கேலிக்கு ஆளாகப் பயந்து நாள் கடத்தினேன். உண்மை இவ்வளவுதான்.

நான்காவது வாரம் ஏதோ ஒரு தேவாலயக் கூடத்தில் குழந்தைகள் விழாவுக்குக் கரடிப் படம் கேட்டார்கள். அலமாரியில் முதலில் கைக்குக் கிடைத்தது கலங்கரை விளக்கம். போய், வால் நொறுங்கித் திரும்பி வந்தது. சரோஜாம்மாவுக்குப் பதிலாகத் தற்காலிகமாக வந்திருந்த பெண் சுவரைப் பார்த்தார், என் விதியைப் படித்தார், நல்ல இடம் வரும்வரை வெட்டினார், கறுப்பு வாலை ஒட்டினார். அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை குப்பைத் தொட்டியைக் காலி செய்துவிட்டார்கள். எனக்கு இது தெரிந்தது திங்கட்கிழமை. தெரிந்தும் இரண்டு வாரம் சும்மா இருந்தேன்.

சரோஜாம்மா திரும்பி வந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. உடம்பு இளைத்திருந்தார். பொங்கல் டப்பா ஒன்றை எல்லோருக்குமாகக் கொண்டுவந்து வைத்தார். என் அறைக்கும் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து மேசைமேல், தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் கழித்துக் கதவருகே வந்து நின்றார். கையுறை போட்டபடியே இருந்தார்.

"சார், லைட்ஹவுஸ் ரீல் வெளிய போயிட்டு வந்திருக்கு."

"அப்படியா?" என்றேன்.

"வாலை வெட்டியிருக்காங்க. ஒட்டு புதுசா இருக்கு. சீட்டு குடுத்துட்டுப் போனேனே சார்?"

நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "சீட்டு எதுவும் எனக்கு வரலையேம்மா" என்றேன்.

என் கையில் கொடுத்தவரிடம் சொன்னேன் இதை. அவர் வலது கையுறையைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு, "ஆஸ்பத்திரி போற அவசரத்துல எங்கயாவது வெச்சிருப்பேன். என் தப்புதான் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் தட்டைக் கிளறினேன். மஞ்சள் சீட்டு அடியில், மூலை மட்டும் வெளியே தெரியக் கிடந்தது. கிழித்துப் போடக் கை வரவில்லை. மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கேயே செருகிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது அது இல்லை.

இரண்டு முறை, மூன்று முறை தட்டைக் கொட்டிப் பார்த்தேன். தற்காலிகப் பெண் எடுத்திருப்பாரா, இயக்குநரின் செயலாளர் எடுத்திருப்பாரா, எந்தக் கூட்டத்தில் யார் அதை மேசைமேல் வைப்பார்கள் என்று மாதக்கணக்கில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை சரோஜாம்மாவின் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது அவர் முதல்முறையாக முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கைப்பையை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். "பின்னாடி உக்காந்தா தையல் இழுக்குது சார்" என்றார். தையல் ஆறிய பிறகும் அவர் பின் இருக்கைக்குப் போகவில்லை. அலுவலகத்துப் பெண்கள் எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அதன்பின் அவர் ஒரு ரீலின் வாலையும் வெட்டவில்லை. அரை நாள் ஆனாலும் உட்கார்ந்து துளை துளையாக ஒட்டினார். சுவரில் இருந்த என் விதியை யாரும் அகற்றவில்லை, யாரும் பின்பற்றவும் இல்லை. சோதனைக்காக ஓட்டும்போதும் ஃபிலிம் முழுதாக வெளியே வந்து விழும்வரை விளக்கைப் போட மாட்டார். "முடிஞ்சுதுன்னு படம் சொல்லட்டும். நாம ஏன் சொல்லணும்?" என்பார்.

ஆட்டைத் தேடுவதையும் அவர் விடவில்லை. டொராண்டோ, ஹாலிஃபாக்ஸ், அமெரிக்கா என்று எங்கெல்லாம் பழைய படங்களைக் கடன் கொடுக்கும் நிலையங்கள் இருந்தனவோ அங்கெல்லாம் எழுதினார். உங்களிடம் தபால்காரக் கரடியின் படம் எதுவும் இருந்தால் அதன் கடைசி இரண்டு விநாடியைத் தயவுசெய்து பாருங்கள் என்று கேட்பார். பதில்கள் ஒரே மாதிரி வந்தன. கரடி இருக்கிறது, கடைசியில் ஆடு எதுவும் இல்லை. படம் முழுக்கக் கரடியின் பின்னால் நிற்கும் ஆட்டைக்கூடக் கவனிக்காத ஒருவர், எந்தப் படத்திலும் ஆடே கிடையாது, நீங்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தார். எல்லா நிலையங்களிலும் ஒரு சுவர் இருந்திருக்கும், அதில் என்னைப் போல ஒருவன் விதி எழுதி மாட்டியிருப்பான். அலுவலகக் கடிதம் என்பதால் ஒவ்வொன்றிலும் பிரிவுத் தலைவன் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தட்டச்சு செய்து கொண்டுவருவார். முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: 'எங்களிடம் முழுதாக இருந்த ஒரே பிரதி பரிசோதகர் திருமதி தனசேகரனின் கவனக்குறைவால் சேதமடைந்துவிட்டது.' அதன் கீழே நான் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கடிதங்களை நான் ஒரு நாள்கூடத் தாமதப்படுத்தியதில்லை.

காரில் எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நெடுஞ்சாலையில் பனிமூட்டத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொள்ளும். அவர் தெர்மாஸைத் திறந்து, "காபி ஊத்தட்டுமா சார்? சர்க்கரை இன்னிக்குக் கொஞ்சம் கம்மி" என்பார். அதோடு போய்விடும். சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கலங்கரை விளக்கத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். தற்காலிகப் பெண் வெட்டிய இடத்தில் படம் நின்றது. கறுப்பு வால் ஓடியது. மணி வந்தது. அது நின்ற பிறகும் நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆடு எனக்காக வெளியே நிற்கிறது என்று தோன்றியது. இந்த வயதில் ஒரு கோட்டோவிய ஆட்டுக்குப் பயந்து எழுந்து விளக்கைப் போட்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றிலிருந்து எந்தத் திரையரங்கிலும் படம் முடிந்ததும் விளக்கு வருவதற்கு முன்னால் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். என் மனைவிக்குக் காரணம் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

சரோஜாம்மாவின் காரியங்கள் முடிந்த மறுநாள் டாக்டரைப் பார்க்கப் போனேன். இரங்கல் கூட்டத்தில் நான் பேச வேண்டும், இந்த மலருக்கும் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார். அங்கே எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். அதற்கு முன் அவரிடம் சொல்வதுதான் முறை. டாக்டர் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே, "டாக்டர், அந்த ரீல் விஷயத்துல சரோஜாம்மா மேல தப்பே இல்ல. சீட்டு என்கிட்டதான் இருந்துச்சு. நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் திரும்பினார். "தெரியுமே சார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்குப் பொங்கல் கிண்ணம் வெக்க வந்தப்பவே அந்தச் சீட்டைப் பாத்துட்டா. மறந்துட்டேன்னு நீங்களே சொல்லிடுவீங்கன்னுதான் வந்து கேட்டிருக்கா. நீங்க வரலைன்னு சொன்னதும், அது இன்னும் அங்க கிடந்தா வேற யார் கண்ணுலயாவது பட்டுடும், புது டைரக்டர் வேற ஒரு மாதிரி, சாருக்கு ஆபத்துன்னு எடுத்துட்டு வந்துட்டா." உள்ளே போனார். சரோஜாம்மாவின் கைப்பையை எடுத்துவந்து, பக்கவாட்டு உறையிலிருந்து நான்காக மடித்த மஞ்சள் தாளை எடுத்தார். மடிப்புகள் நைந்து, ஒரு மடிப்பில் ஃபிலிமுக்கு ஒட்டும் டேப் போட்டு ஒட்டியிருந்தது. "நானும் கேட்டேன் சார், அவர்கிட்ட குடுத்துட வேண்டியதுதானேன்னு. 'இப்ப குடுத்தா மனுஷன் செத்துருவாரு, பாவம். அவர் ரிடையர் ஆகுற அன்னிக்குக் குடுக்கறேன், அன்னிக்கு ரெண்டு பேரும் சிரிச்சுக்கலாம்'னு சொன்னா."

ஐந்து வருடம் காலையும் மாலையும் அந்தப் பை எங்களுக்கு நடுவில் இருந்தது. நான் ஒளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். தனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று அவர் காபி ஊற்றிக்கொடுத்தார். அந்தக் கடிதங்களைத் தன் பெயர் போட்டு எழுதி என் முன்னால் நீட்டியபோது அவர் முகத்தில் என்ன இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

சீட்டை டாக்டர் எனக்கே கொடுத்துவிட்டார். சரோஜாம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். கையெழுத்துக்கான இடம் காலியாகவே இருக்கிறது. நான் ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சிரிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். தனியாக எப்படிச் சிரிப்பது, சரோஜாம்மா?